ஐந்தாவது வழி

மேற்படி பென்சிலை. அப்படித்தான் எழுதியிருக்கிறார். நான் சொன்னது, முதலில் உங்களுக்குப் பிடித்த பென்சில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பென்சிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், அவ்வளவுதான், ஏழு வயதுப் பிள்ளை தடுக்காமல் படித்துவிடும். தாளில் இருப்பது, பென்சில் ஒன்றினை எடுத்துக்கொள்ளவும், மேற்படி பென்சிலை இறுகப் பற்றுதல் கூடாது. "ஏங்க, மேற்படி எதுக்கு?" என்றேன். "ரெண்டாவது சொல்லுத பென்சிலும் அதே பென்சில்தான்னு தெரிய வேண்டாமா? வேற பென்சில்னு நெனச்சிட்டா?" என்கிறார் என் வீட்டுக்காரர். முப்பத்து மூன்று வருஷம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். நான்கு எல்லையும் சொல்லாத எந்தப் பொருளையும் நம்ப மாட்டார். மற்ற நாளென்றால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும், இதையே ஒரு கதையாகப் பண்ணி அடுத்த வாரப் பக்கத்தில் போட்டிருப்பேன். இன்றைக்கு வரவில்லை. வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டில் கிடக்கிறது. காய்கறிக் கடை வாசலில் கொத்தமல்லித் தண்டை மிதித்து வழுக்கி விழுந்து பதினோரு நாளாகிறது. கையிருப்பாக எழுதி வைத்திருந்த இரண்டு பக்கங்களும் தீர்ந்துவிட்டன. மணி பத்தே முக்கால், ஒரு மணிக்குள் பத்திரிகைக்கு என் 'செண்பகச் சித்தி' சிறுவர் பக்கம் போயாக வேண்டும். பள்ளி திறக்கிற வாரத்து இதழ். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள், வசதியாக உட்கார்ந்து எழுதுவது எப்படி. வசதியாக. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன், வசதியாக உட்காருங்கள் குழந்தைகளே.

காலையில் மதிவதனி பேசினாள். பத்திரிகையில் என் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற பெண், இருபத்தேழு வயது, பணிவாகப் பேசுவாள், கோபப்பட இடமே கொடுக்க மாட்டாள், இன்று அதுவே எரிச்சலாக இருக்கிறது. "கை எப்படி இருக்கு மேடம்? முடியலேன்னா விட்டுடுங்க, கஷ்டப்படாதீங்க. பழைய பைண்டிங்லேர்ந்து ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். தொண்ணூத்தேழுல நீங்க எழுதினது, 'கையெழுத்து அழகாக ஏழு வழிகள்'. இப்ப படிச்சாலும் புதுசா இருக்கு மேடம். ஒரு மணிக்குள்ள உங்களது வரலேன்னா அதையே போட்டுடறேன்." நானும் சரி என்றேன். சந்தோஷமாகவே சொன்னேன், வெட்கமாக இருக்கிறது, இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய எழுத்து புதுசாக இருக்கிறது என்று ஒருத்தி சொன்னால் உச்சி குளிர்ந்துவிடுகிறது எனக்கு. அலைபேசியை வைத்த பிறகுதான் அந்த ஏழும் என்னென்ன என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்று, முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். இரண்டு, வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும். மூன்று, பென்சிலைக் கூராக்கிக்கொள்ளுங்கள். நான்கு, அவசரம் வேண்டாம். ஆறு, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு விரல் இடம். ஏழு, எழுதியதை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஐந்து வரவில்லை. ஐந்தாவது இடத்தில் பல் விழுந்த ஈறு மாதிரி ஒரு வழுவழுப்பு, நாக்கு திரும்பத் திரும்ப அங்கேயே போகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு. "என்ன முணுமுணுக்க? அடுத்த வரியைச் சொல்லு" என்கிறார் இவர், பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிரயம் எழுத வந்த பார்ட்டி பெயர் சொல்லக் காத்திருப்பதுபோல.

அடுத்த வரி. அடுத்த வரி சொல்ல வேண்டுமென்றால் நான் முதலில் உட்கார வேண்டும், என் மாதிரி உட்கார வேண்டும். பின்வாசல் பக்கம் கயிறு பின்னிய முக்காலி, வலது முழங்காலை உயர்த்தி அதன்மேல் பரீட்சை அட்டை, இடது கை இடது தொடைக்கு அடியில். அப்படித்தான் முப்பத்தொரு வருஷமும் எழுதியிருக்கிறேன், மேஜை வாங்கிப் போட்டார்கள், அதில் இப்போது இஸ்திரித் துணி இருக்கிறது. மூன்று வருஷம் முன்னால் ஒரு மாத இதழிலிருந்து பேட்டி எடுக்க வந்தார்கள், 'செண்பகச் சித்தி எழுதும் விதம்' என்று. புகைப்படக்காரப் பையன் சொன்னான், "அம்மா, அந்தக் கையை மட்டும் வெளிய எடுத்து மடியில வெச்சுக்கங்க." நான் பெருமையாக மறுத்தேன். கை அடியில் இருந்தால்தான் எனக்கு வார்த்தை வரும் தம்பி, ஒவ்வொருத்தருக்கு ஒரு வசதி என்றேன். அப்படியே அச்சாகியும் வந்தது. இப்போது எழுதப்போவது நான் இல்லை, இவர்தான், நான் சும்மா சொல்ல வேண்டியதுதான், ஆனாலும் கை தானாகப் போய்த் தொடைக்கடியில் நுழைந்துகொண்டது, நாய் தன் சாக்குக்குப் போகிற மாதிரி. "அந்தக் கையையும் ஏன் போட்டு அமுக்குத?" என்றார் இவர், தலையை நிமிர்த்தாமல். "ஒரு கைதான் போச்சு. அதாவது நல்லா இருக்கட்டும். எடு." எடுத்தேன். மரத்துப்போயிருந்தது. உள்ளங்கையில் முக்காலிக் கயிறு பதிந்து வரிவரியாகச் சிவந்திருந்தது, விரல் நுனியெல்லாம் வெளுத்து, ரத்தம் திரும்பி ஏறும்போது குத்தியது, வலித்தது, எதற்கு இப்படிப் பண்ணுகிறேன் என்று முதல்முறையாகக் கேட்டேன். அறுபத்து நாலு வயதில். மாவுக்கட்டு போட்ட கை மடியில் கிடக்க, நன்றாக இருக்கிற கையை நானே நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அதற்கு வசதி என்று பெயர் வைத்திருக்கிறேன், அதைப் பேட்டியில் சொல்லியிருக்கிறேன்.

ஞானப்பூ டீச்சர். பெயர் வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பு, கோவில்பட்டி, பவுடர் வாசனை, வெள்ளைச் சேலையில் ஊதாப் பூ. அதற்கும் முன்னால் விஜயதசமி, தாம்பாளத்தில் அரிசி, அப்பா மடியில் நான். நீட்டினேன் கையை, எது முதலில் வந்ததோ அதை, ஐந்து வயதுக்கு அதில் என்ன பேதம் தெரியும், அரிசியில் விரல் படுவதற்குள் அத்தை பிடித்து இழுத்துவிட்டாள். "பீச்சாங்கையில எழுதுனா சரஸ்வதி வாசப்படியோட போயிருவா. சோத்தாங்கையை நீட்டு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். அத்தைமேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை, அவள் இழுத்தாள், வலித்தது, அழுதேன், கணக்கு அங்கேயே தீர்ந்தது. டீச்சர் அடிக்கவே இல்லை. அதுதான் தாங்கவில்லை. அடித்திருந்தால் ஞாபகம் இருந்திருக்கும், வஞ்சம் வைத்திருப்பேன், வளர்ந்ததும் கையை வெளியே எடுத்திருப்பேன். அவள் குனிந்து, காதுக்குப் பக்கத்தில், ரகசியம் மாதிரி, "அந்தக் கை தூங்கட்டும் தங்கம், அதும்மேல நீ உக்காந்துக்கோ, என்ன" என்றாள். விளையாட்டு என்று நினைத்தேன். தூங்க வைத்தேன். ஒவ்வொரு நாளும் பலகைக்கும் தொடைக்கும் நடுவில் வைத்துத் தூங்க வைத்தேன், எறும்பு ஊறினாலும் எடுக்கவில்லை, எடுக்காததற்கு வெரிகுட் வாங்கினேன். அந்தக் கை மற்றதெல்லாம் செய்தது. இன்றைக்கும் காய் நறுக்குவது அது, ஊசியில் நூல் கோப்பது அது, பூட்டைத் திறப்பது, பிள்ளையைத் தூக்கியது, இவர் முதுகுக்குத் தைலம் தேய்ப்பது. எழுத்தும் சோறும் மட்டும் அதற்குக் கிடையாது. எலும்பு டாக்டர்கூடச் சொன்னார், "சோத்தாங்கையா போச்சு, ஆறு வாரம் ஸ்பூன்தான்." பதினோரு நாளாக அந்த இடது கை ஸ்பூனைப் பிடித்து ஒரு பருக்கை சிந்தாமல் ஊட்டுகிறது, எப்படிச் சிந்தாமல் வருகிறது என்று யாராவது கேட்டோமா. நான் கேட்டேனா. பக்கம் எழுத ஆள் இல்லையே என்று பதினோரு நாளாகப் புலம்பினேன், எழுத ஆள் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் ஐந்தாவது வழி வந்தது. அச்செழுத்தில், கட்டத்துக்குள், பக்கத்தில் ஒரு முயல் படத்தோடு வந்தது. 'இடது கை குறும்பு செய்கிறதா? அதன்மேல் உட்கார்ந்துகொள்ளுங்கள். அது தூங்கிவிடும். வலது கை சமர்த்தாக எழுதும்.' நான் எழுதியது. யாரோ ஒருத்தி இல்லை, நான், இந்த முக்காலியில், அந்தக் கைமேல் உட்கார்ந்துகொண்டு எழுதியது. அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார்கள், என் மகள் வினோதா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், இடது கையால்தான் எழுதுகிறாள், வீட்டில் திட்டுகிறார்கள், சித்தி ஒரு வழி சொல்லுங்கள் என்று. திட்டாதீர்கள் என்று முதலில் எழுதினேன், அதில் எனக்கு ஒரு திருப்தி, நான் திட்டுகிறவள் இல்லை, கனிவானவள், பொறுமையானவள், அதற்குத்தானே சித்தி. அப்புறம் ஞானப்பூ டீச்சரின் ரகசியத்தை எடுத்து நாற்பதாயிரம் வீட்டுக்கு அனுப்பினேன், முயல் படம் போட்டு. இரண்டு மாதம் கழித்து வினோதாவே கடிதம் எழுதினாள். வலது கையால். கோடு போட்ட தாளில், ஒவ்வொரு எழுத்தும் வரிசையில் நிற்கிற பிள்ளை மாதிரி. 'சித்தி, நான் இப்போது கைமேல் உட்காருகிறேன். எறும்பு ஊறுகிறது.' அதைப் பக்கத்தில் போட்டேன். போட்டுவிட்டுக் கீழே நான் ஒரு வரி சேர்த்தேன், 'எறும்பாருக்கும் சித்தியின் அன்பு.' அது எல்லாருக்கும் பிடித்தது. எறும்பாரைக் கேட்டு மற்ற பிள்ளைகளும் எழுதினார்கள், கொஞ்ச நாள் எறும்பாருக்கென்றே ஒரு கட்டம் வந்தது. ஒரு பிள்ளை கை மரத்துப்போகிறது என்று எனக்கு எழுதியிருக்கிறது. வேறு யாரிடமும் சொல்ல முடியாமல் எனக்கு எழுதியிருக்கிறது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், உலகத்தில் ஒருத்திக்காவது அந்த எறும்பு என்ன என்று தெரியுமென்றால் அது எனக்குத்தான், நான் அதை வைத்து வேடிக்கை பண்ணினேன். இன்றைக்கு ஒரு மணிக்கு மதிவதனி அதைத் திரும்ப எடுத்துப் போட்டுவிடுவாள். முயல் படத்தை வண்ணத்தில் போடுவாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது.

"நான் எழுதுதேன், நீங்க எந்திரிங்க" என்றேன். "எதை வெச்சு எழுதுவ?" என்றார். பேனாவை அவர் கையிலிருந்து பிடுங்கினேன் என்றே சொல்ல வேண்டும், மேற்படி பென்சிலைத் தாளோடு திருப்பிப் போட்டேன், பின்பக்கம் வெள்ளை. மணி பதினொன்று இருபது. கை சரியாகப் பேனாவைப் பிடித்துவிட்டது. பிடிப்பதில் ஒரு தயக்கமும் இல்லை, காத்திருந்த மாதிரி மூன்று விரலும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. எழுத வேண்டும் என்றதும் ஐந்து வயதாகிவிட்டது அதற்கு. ஐ. எல்லாம் விட்டு ஐ-யில் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. வலது கை பேனாவை இழுத்துக்கொண்டு போகும், இது தள்ளுகிறது, முனை தாளைக் கிழித்தது. சுழி பிசகி அடிவயிறு பெருத்துக்கொண்டது. ந் இடித்துக்கொண்டு நின்றது, தா அளவில்லாமல் நீண்டது. நான் எழுதியதன்மேலேயே என் கை நகர்ந்து மையை ஈஷியது, உள்ளங்கை ஓரம் நீலமாகிவிட்டது. தாள் நிற்கவில்லை, மாவுக்கட்டைத் தூக்கி அதன்மேல் வைத்தேன், கட்டு வழுக்கியது, தாள் கட்டோடு போனது, இழுத்து வைத்து மறுபடி. கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்தது. இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம், வேறு ஒன்றுமில்லை, முப்பத்தொரு வருஷம் அச்சுக்கோப்பவர்கள் பாராட்டின கையெழுத்து எனக்கு, முத்து முத்தாக இருக்கிறது சித்தி என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அந்த முத்தெல்லாம் வினோதாவின் வரிசை. நிற்கச் சொன்னதால் நின்றது. இது அப்படி இல்லை, இது கோணிக்கொண்டு போகிறது, ஆனால் சொல் வருகிறது, கைக்கு முன்னால் சொல் வந்து நிற்கிறது, கை தொடைக்கடியில் இல்லாமலே வருகிறது. என்னவெல்லாம் சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்தபோது பன்னிரண்டு பத்து. 'ஐந்தாவது வழி தவறு. அதை எழுதியவள் நான். எந்தக் கை எழுத வருகிறதோ அந்தக் கையால் எழுதுங்கள். யாரும் தன் கைமேல் உட்கார வேண்டாம்.' பதினெட்டுச் சொல். ஐம்பது நிமிஷம்.

இவர் படம் பிடித்து அனுப்பினார். ஐந்தாவது நிமிஷம் மதிவதனி கூப்பிட்டாள். "மேடம், ஏதோ படம் வந்திருக்கு, இது யார் எழுதினது? பேரப்பிள்ளையா?" நான்தான் என்றேன். "ஐயோ, இந்தக் கையோடயா... சரி மேடம், ரொம்ப அழகா இருக்கு. ஆனா நாலு வரிதானே இருக்கு. ஐந்தாவது வழின்னா எதுன்னு படிக்கிற பசங்களுக்குத் தெரியாதே. நான் ஒண்ணு பண்றேன், பழைய ஏழு வழியை அப்படியே போட்டு, கீழ இதை டைப் பண்ணி ஒரு குட்டிப் பாக்ஸா வெச்சுடறேன். ரெண்டும் ஆச்சு." ரெண்டும் ஆகாது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அந்த முயலைப் பார்த்துவிட்டுக் கீழே குட்டிப் பாக்ஸை எந்தப் பிள்ளை படிக்கும், எந்த அம்மா படிப்பாள், கட்டத்தில் பெரிதாக இருப்பதுதான் வழி, எனக்குத் தெரியாதா, முப்பத்தொரு வருஷம் அந்தக் கட்டத்தை வைத்துத்தானே பிழைத்தேன். "அந்த ஏழு வழி வரக் கூடாது, மதி. அது வந்துச்சுன்னா அடுத்த வாரத்துலேர்ந்து செண்பகச் சித்திங்கிற பேரை எடுத்துடு." அவள் பயந்துபோனது தெரிந்தது. "சார்கிட்ட கேட்டுட்டு வரேன் மேடம்" என்று வைத்துவிட்டாள். இவர் என்னையே பார்த்தார். "அந்தப் புள்ள என்ன பண்ணும் பாவம்? அவகிட்ட ஏன் கத்துத?" என்றார். பின்னே யாரிடம் கத்துவது. டீச்சர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று, வினோதாவுக்கு முப்பத்தாறு வயதிருக்கும், எந்த ஊரில் எந்த அலுவலகத்தில் கைமேல் உட்கார்ந்துகொண்டு கையெழுத்துப் போடுகிறாளோ. "நீங்களும்தான்" என்றேன், "முப்பத்தெட்டு வருஷமா பார்க்கீங்க, ஒரு நாளாவது ஏன்னு கேட்டீங்களா?" அவர் யோசித்தார், நிஜமாகவே யோசித்தார். "உனக்கு அதுதான் வசதின்னு நெனச்சேன்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது, அவ்வளவு சுலபமாக அவரை விட மனசில்லை.

மதிவதனி பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டாள். பழையது வேண்டாம் என்று சார் ஒப்புக்கொண்டாராம், ஆனால் பக்கம் நிறைய வேண்டுமாம், நூற்றைம்பது சொல்லாவது. ஐந்தாவது வழி என்றால் என்ன, யார் சொன்னது, ஏன் தவறு, எல்லாம். அச்சகத்தில் சொல்லி மூன்று மணிவரை நேரம் வாங்கியிருக்கிறாள். அதற்குமேல் ஒரு நிமிஷம்கூட இல்லை, மேடம், அப்புறம் ஏழு வழிதான், என் கையில் இல்லை. இவர் உடனே கணக்குப் போட்டார், அலுவலகப் புத்தி. "அம்பது நிமிஷத்துக்குப் பதினெட்டு. உனக்கு ரெண்டரை மணி நேரம் இருக்கு. அம்பத்து நாலு சொல் வரும். நடக்காது, செண்பகம். நீ சொல்லு, நான் எழுதுதேன், மேற்படி போட மாட்டேன், சத்தியமா." அவர் கணக்கில் தப்பில்லை. நூற்றைம்பதில் அம்பத்து நாலு போனால் மீதிக்கு என்ன வழி என்று நானும் பார்த்தேன். அவர் எழுதினால் இரண்டு மணிக்கு முடிந்துவிடும், அழகாக, நேராக, ஒரு பிழையில்லாமல் போகும், டைப் அடித்தால் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். இடது கையால் எழுதுங்கள் என்று வலது கையால் எழுதி அனுப்புவதா. "பேனாவைத் தொடாதீங்க" என்றேன். "தாளு வழுக்குது, அதுலதான் பாதி நேரம் போகுது. தாளை மட்டும் பிடிச்சுக்கங்க. எதிர்ல உக்காருங்க. பேசக் கூடாது." உட்கார்ந்தார். கீழே, தரையில், சம்மணம் போட்டு, இரண்டு கையாலும் அட்டையில் தாளின் மேல் ஓரத்தைப் பிடித்தார். பிடித்ததும் முதல் வேலையாக அதை நேராக்கினார், பத்திரம் மாதிரி, நாலு மூலையும் சதுரமாக. "நேரா வைக்காதீங்க" என்றேன். "சாய்ங்க." இடப்பக்கம் சாய்த்தார், காலமெல்லாம் அவர் எழுதுகிற சாய்வு, என்னையும் எழுத வைத்த சாய்வு. "அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்." திருப்பினார். எழுதிப் பார்த்தேன், கை மையின்மேல் ஏறவில்லை, ஆனால் மணிக்கட்டு இன்னும் மடங்குகிறது. "இன்னும்." "விழுந்துரும், செண்பகம்." "இன்னும் கொஞ்சம்." தாள் அநேகமாகக் குறுக்காகப் படுத்துவிட்டது, பார்த்தால் யாரும் எழுதுகிற தாள் என்று சொல்ல மாட்டார்கள். பேனா முனையை வைத்தேன். மணிக்கட்டு நிமிர்ந்திருந்தது, மை கைக்கு முன்னால் போனது. "அங்கேயே பிடிங்க" என்றேன், "அசைக்காதீங்க."